மேல் வீட்டுக்குக் குசினி வந்துவிட்டது, உம்மா

கணக்குப் படிப்பித்து ஊருக்கு டீச்சராகவும், கணக்கில்லாமல் ஏசி எனக்கு உம்மாவாகவும் இருந்த என் தங்கத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து உங்களோடு கதைக்க எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளுக்கு வழக்கமில்லை. வாப்பா வெள்ளிக்கிழமைகளில் போய் ஸலாம் சொல்லிவிட்டு வருகிறார். அவரிடம் சில செய்திகளைச் சொல்லி அனுப்பிப் பார்த்தேன். அங்கே துஆதான் ஓதலாம், உன் வாயையெல்லாம் அங்கே சுமந்துகொண்டு போக ஏலாது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கடிதம். ஊரும் சேர்ந்து வாசிக்கட்டும். நீங்கள் எனக்கு ஏசினதையும் ஊர் சேர்ந்துதானே கேட்டது?

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மேல் வீட்டுக்குக் குசினி வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்காதீர்கள். அது நீங்கள் கோபம் வருமுன் செய்கிற வேலை என்று உங்கள் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் தெரியும். மிச்சத்தையும் கேளுங்கள்.

வேறு ஊர்க்காரர் வாசித்தால் விளங்கவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குசினி என்றால் சமையலறை. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வருவார். ஆகவே ஒரு வீட்டில் பெண் பிள்ளை பிறந்தால், அது தவழத் தொடங்குமுன் வாப்பாமார் அதற்கு வீடு கட்ட மணலும் கல்லும் இறக்கத் தொடங்கிவிடுவார்கள். உங்களுக்கு உங்கள் வாப்பா கட்டித் தந்தது கீழ் வீடு. எனக்கு நீங்கள் இரண்டு பேரும் அதற்கு மேலே ஒன்று கட்டத் தொடங்கினீர்கள்.

மேலே கொங்கிறீட் காய்ந்ததும் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த கையோடு சாரியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினீர்கள். கைப்பையில் இருந்து சோக்கை எடுத்து, நிலத்தில் கோடு கீறினீர்கள். இது ஹோல், இது படுக்கிற அறை, இது படிக்கிற அறை. தவம் மேசன் சொறிக்கல்முனையில் இருந்து இத்தனை வருசமாக வந்து எங்கள் ஊரில் வீடு கட்டுகிற மனிதர். கோடுகளில் கால் படாமல் பின்பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"டீச்சர், குசினி எவடத்த வருது?"

"குசினி வாறல்ல."

கீழ் வீட்டில் ஒன்று இருக்கிறது, அது போதும், இது என் மகளின் வீடு, அவள் படிக்கட்டும் என்றீர்கள். மேசன் தலையைச் சொறிந்தார். பக்கத்து வளவில் இருந்து சாச்சி படியில் ஏறி வந்ததும் அந்த நேரம்தான். அக்காவுக்கு வாயால் பதில் சொல்லக்கூடிய ஒரே தங்கச்சி அவ. குசினி இல்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான் என்று கேட்டா. நீங்கள் கையில் இருந்த சோக்குத் தூளை ஊதினீர்கள்.

"சமைக்கத் தெரிஞ்சவன் வரட்டும்."

எனக்கு அப்போது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரித்தது உங்களுக்குத் தெரியும். அழுகை எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியாது. எனக்குச் சமைக்க விருப்பம் என்பதை உங்களிடம் சொல்வது, மற்ற வீடுகளில் பிள்ளைகள் சிகரட் குடித்ததைச் சொல்வது போல.

சமையல் மட்டுமா? பின்னத்தைச் சுருக்கப் படிப்பித்த உங்களுக்கு என் பின்னல் பொறுக்கவில்லை. அதையும் சுருக்கிவிட்டீர்கள், காது மட்டத்துக்கு. காலையில் பின்னல் போடுகிற நேரத்துக்கு வாய்ப்பாடு சொல்லலாம் என்றீர்கள். முடிவிலி படிப்பிக்கிற ஆளுக்கு என் முடியில் என்ன பகை என்று நான் கேட்டதற்கு, வாப்பா சிரித்துப் புரைக்கேறி, நீங்கள் இரண்டு பேருக்கும் ஏசினீர்கள்.

பெருநாளுக்குக் கல்முனை பஸாரில் எல்லாப் பிள்ளைகளின் உம்மாமாரும் வளையல் கடையை மொய்த்துக்கொண்டு நிற்க, நீங்கள் என்னைப் புத்தகக் கடைக்குள் தள்ளிப் புதுக் கவராயம் வாங்கித் தந்தீர்கள். நான் வீட்டுக்கு வந்து அந்தக் கவராயத்தாலேயே மட்டையில் வட்டம் கீறி, வெட்டி, மினுங்குகிற கடதாசி ஒட்டி, முழங்கை வரை வளையல் போட்டுக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றேன். நீங்கள் ஒன்றைக் கழற்றிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தீர்கள். ஏச இடமில்லை. வட்டம் பிசகில்லாமல் வந்திருந்தது. ஆரை சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கின பெரிய மார்க்ஸ் அதுதான்.

மருதோண்டி போட்டால் என் கை சிவக்கும், உங்கள் முகமும் சேர்ந்து சிவக்கும். ரோஸ் நிறத்தில் சட்டை கேட்டால் நீலம் வரும். என் மகளுக்குச் சோறு ஆக்கவே தெரியாது என்று உங்கள் பள்ளிக்கூட டீச்சர்மாரிடம் பெருமையாகச் சொல்வீர்கள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுவேன். முந்தின நாள் பின்னேரம்தான் சாச்சி வீட்டில் ஆப்பம் சுட்டு, ஓரம் கருகாமல் எடுத்திருப்பேன். பெருமைப்படுகிற உம்மாவைத் திருத்தப் பிள்ளைக்கு மனம் வருமா?

உங்களுக்கு ஏன் அப்படி என்று சாச்சிதான் சொன்னா. நீங்கள் வீட்டில் மூத்த பெண். விருந்து ஓயாத வீடு. ஏ.எல். சோதனைக்கு முந்தின நாளும் ஆட்கள் வந்து குந்திவிட்டார்கள். நீங்கள் புத்தகத்தைச் சட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு தேங்காய்ப் பால் பிழிந்தீர்களாம். பக்கமெல்லாம் பால் தெறித்து ஒட்டிப்போய், அடுத்த நாள் அந்தப் பக்கத்தில் இருந்துதான் கேள்வி வந்ததாம். கம்பஸ் கிடைக்கவில்லை, பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. பயிற்சிக் கல்லூரிக்குப் போய் டீச்சரானீர்கள். இதை நீங்கள் ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை. சொன்னால் நான் உங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவேன் என்று பயந்தீர்களா? அல்லது சொல்ல வெட்கமா?

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு நான் ஒரு நாள் வட்டிலப்பம் அவித்துக்கொண்டு வந்தேன். வட்டத் தேற்றம் உங்களுக்கு, வட்டிலப்பம் எனக்கு, ஆளுக்கொரு பாதி என்று சொல்லிக் கரண்டியை நீட்டினேன். அந்த நாட்களில் உங்களுக்கு எதுவும் இறங்கவில்லை. அதை மட்டும் மெல்ல மெல்ல முழுவதும் சாப்பிட்டீர்கள். பிறகு, சர்க்கரை கூடிவிட்டது என்றீர்கள். இதை அவித்த நேரத்துக்கு பழைய சோதனைப் பேப்பர் ஒன்று செய்திருக்கலாம் என்றும் சொன்னீர்கள். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்ப, என் கையைப் பிடித்தீர்கள்.

"புள்ள, நீ நல்லாச் சமைச்சா, சமைக்கவே விட்டிருவாங்க."

அவ்வளவுதான். கையை விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தீர்கள். நான் வாசலில் நின்று யோசித்தேன். இத்தனை நாளும் நீங்கள் என் வளையலையும் பின்னலையும் கேவலமாகப் பார்க்கிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அது பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பயத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

நீங்கள் மௌத்தான பிறகு, அக்கம் பக்கத்துச் சோறு வருவது நின்ற நாளில் இருந்து எங்கள் வீட்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. என்னைக் குசினிக்குள் விடக்கூடாது. உம்மா போன கையோடு மகளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டான் என்று யாரும் சொல்லக்கூடாது, டீச்சரின் வாக்கு வாக்குத்தான் என்று வாப்பா சொன்னார். ஹாட்வெயார் கடையில் ஆணியும் அடைப்பும் விற்கிற மனிதர், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்தார்.

உம்மா, உங்களை இழந்த கவலையோடு, அவர் ஆணம் என்று வைத்த குழம்பையும் சாப்பிட வேண்டியிருந்தது. எந்தக் கவலைக்கு அழுகிறேன் என்று சில நாட்களில் எனக்கே பிடிபடவில்லை. அவர் வைத்த மீன் ஆணத்தில் மீன் உயிரோடு இருந்திருந்தால் தானே இறங்கிக் கடலுக்குத் திரும்பியிருக்கும். பருப்பைப் பார்த்து, சீமெந்துக்குத் தண்ணீர் காணாது போல என்று தவம் மேசனே நினைத்திருப்பார். நான் ஒரு கரண்டி தூக்கப் போனாலும், போய்ப் படி மகள் என்பார். படிப்பேன். வயிறு இரையும். இயற்பியலுக்கும் என் வயிற்றுக்கும் அன்றில் இருந்து நல்ல உறவில்லை.

அப்படி இருக்கும்போது என்னைப் போல ஒரு பிள்ளை என்ன செய்யும்? வாப்பா அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு மஃரிபு தொழப் பள்ளிக்குப் போவார். அவர் தலை வாசல் கேற்றைத் தாண்டியதும் நான் உள்ளே. கொஞ்சம் புளி, கட்டிப் பால், தாளிக்க வெங்காயமும் கறிவேப்பிலையும். மூடியை அவர் வைத்த மாதிரியே கொஞ்சம் சரித்து மூடிவிட்டு, படிக்கிற மேசைக்குத் திரும்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பேன்.

வாப்பா வந்து சாப்பிட்டுவிட்டு விரலைப் பார்த்தார். அடுத்த நாளும் பார்த்தார். பிறகு பார்க்கிற வேலையை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். தன் கைக்குச் சமையலில் ஒரு வாசி, ஒரு ராசி இருக்கிறதாம். இத்தனை வருசமும் தெரியாமல் போய்விட்டதாம். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் மீன் ஆணத்துக்கு எந்த நேரத்தில் புளி விடுவது என்று வகுப்பு எடுத்தார். குழாய் வாங்க வந்தவர் மசாலாக் கூட்டுச் சரக்கின் விவரத்தோடு திரும்பிப் போனார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? உள்ளுக்குள் குதித்தேன். ஊரே புகழ்கிற சமையல் என்னுடையது, பெயர் மட்டும் வாப்பாவுடையது. ஆம்பிளைகள் வெளியே பெயர் எடுக்க, உள்ளே பெண்கள் சமைத்த கதைதான் இது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் படுக்கையில் விழுந்ததோடு நின்றிருந்த மேல் வீட்டு வேலை திரும்பத் தொடங்கியபோது, வாப்பா தவம் மேசனையும் பகல் சாப்பாட்டுக்கு இருத்தினார். கடை பூட்டுகிற வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்குப் போகுமுன் ஆக்கி வைத்துவிட்டுப் போவார். நான் பின்னால் போய் என் வேலையைப் பார்ப்பேன். மேசன் கை கழுவக் கிணற்றடிக்கு இறங்கி வந்தபோது குசினி வாசலில் என்னைக் கண்டுவிட்டார். நான் வாயில் விரலை வைத்தேன். அவரும் சீமெந்து விரலை வாயில் வைத்தார். நல்ல மனிதர். வாசமும் பிடித்துக்கொண்டார், வாயும் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கல்முனையில் டியூசன் வைத்துவிட்டார்கள். அன்றைய ஆணத்தில் நான் கை வைக்கவில்லை என்பது பஸ்ஸில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே இரண்டு பேரும் சாப்பிட இருந்துவிட்டார்கள். மேசன் முதல் கவளத்தை வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தார். வாப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், புகழ்ச்சி வரும் என்று.

"காக்கா, தங்கச்சி இண்டைக்கு வீட்ட இல்லையா?"

பாவம், தங்கச்சி என்று அவர் கேட்டது என்னைத்தான், அதுவும் யோசிக்காமல். வாப்பா தன் சோற்றுக் கோப்பையில் இருந்து ஒரு வாய் அள்ளி வைத்தார். என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். முழுவதையும் சாப்பிட்டு முடித்தார், உம்மா. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அஸர் தொழுதுவிட்டு வந்து நேரே குசினிக்குள் போய்விட்டார். நான் அறைக்குள் இருந்து கொண்டு என்னென்னவோ நினைத்தேன். உங்கள் வாக்கை நான் உடைத்துவிட்டேன். அதுவும் களவாக, அவரைக் கோமாளியாக்கி உடைத்துவிட்டேன். இனிமேல் குசினிக் கதவுக்குப் பூட்டு வரும், ஹாட்வெயார் கடையில் பூட்டுக்கா பஞ்சம்?

வெயில் சாய்ந்தபோது குசினிக்குள் இருந்து கூப்பிட்டார். தேங்காய் துருவுகிற பலகையில் குந்திக்கொண்டிருந்தார். அந்தக் குசினியை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டின் கடைசி மூலை, கிணற்றுச் சுவரைப் பார்த்த கையகல ஜன்னல், பட்டப்பகலிலும் லைட் போட வேண்டும். வாப்பா என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"மகள், என்ட ஆணம் தின்னேலாம செஞ்சியா, இல்ல உனக்கு விருப்பமா?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, உம்மா. சமைக்கத் தெரியுமா என்று ஊர் கேட்டிருக்கிறது. தெரியாது என்று உங்கள் வாய் சொல்லியிருக்கிறது. விருப்பமா என்று ஒருவரும் கேட்டதில்லை. சும்மா ஒரு பகிடி சொல்லித் தப்பியிருக்கலாம். உங்கள் ஆணத்துக்கு உயிர் கொடுத்தேன் வாப்பா என்று சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"விருப்பம் வாப்பா," என்றேன். "நல்ல விருப்பம். வளையலும் விருப்பம். கணக்கும் விருப்பம்."

கடைசியாகச் சொன்னது உங்களைச் சமாதானப்படுத்த என்று நினைக்காதீர்கள். உண்மையாகவே விருப்பம். ஒரு தலைக்குள் ஒரு அறைதான் இருக்கும் என்று நீங்கள் ஏன் நினைத்தீர்கள்?

வாப்பா எழும்பி அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தார். பிறகு ஒரு கதை சொன்னார். அவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில், உங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் உங்களைப் பார்க்க வந்தாராம். வாப்பா அவரோடு முன் ஹோலில் இருக்க, நீங்கள் பின்னுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்களாம். அதிபர் கதைக்க வந்தது உங்களோடு. கணக்குப் பாடத்தைப் பற்றி ஏதோ கேட்கிறார், பதில் சுவருக்குப் பின்னால் இருந்து வருகிறது.

"அவ்வளவு படிச்ச மனிசி, விருந்தாள் வந்தா வெறும் குரலாப் போயிருவா," என்றார் வாப்பா. "இவ்வளவு காலமும் நான் முன்னுக்கிருந்து அந்தக் குரலத்தான் கேட்டிட்டிருந்தன். எழும்பிப் போய்ப் பாக்கல்ல."

அப்போது அவர் அழுதார். உங்கள் ஜனாஸா அன்றுகூட எனக்கு முன்னால் அழாத மனிதர்.

அடுத்த நாள் காலையில் அவர் தவம் மேசனைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினார். ஹோலின் முன்பக்கத்தில், ரோட்டைப் பார்த்த பக்கம் போய் நின்று, இதில் பாதியைத் தடுத்துக் குசினி போடு, நீளத்துக்கு ஜன்னல் வை என்றார். மேசன் தலையைச் சொறிந்தார். எங்கள் வீட்டு மேல் தட்டில் அவர் தலை சொறிந்தே வழுக்கை விழுந்துவிடும் போல. குசினி பின்னுக்குத்தானே வரும், முன்னுக்கு வைத்தால் ஊர் சிரிக்குமே என்று அவர் மெல்லச் சொன்னார். சிரிக்கிற ஊருக்கு ஜன்னலால் ஒரு தேத்தண்ணீர் கொடுப்போம் என்றார் வாப்பா.

செய்தி கேட்டுச் சாச்சி ஓடி வந்தா. எனக்குக் குசினி வேண்டும் என்று உங்களோடு சண்டை பிடித்ததே அவதான். இப்போது அந்தக் குசினி முன்னுக்கு வருகிறது என்றதும் உங்கள் பக்கம் மாறிவிட்டா.

"மச்சான், முன்னுக்குக் குசினி எண்டா, வாற ஆம்பிளையள எங்க இருத்துற?"

"பின்னுக்கு இருத்துவம்."

சாச்சி வாயைத் திறந்தா, மூடினா, திரும்பத் திறந்தா. பிறகு சிரித்தா பாருங்கள், படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அவ சிரித்ததைப் பார்த்து மேசன் சிரிக்க, வாப்பாவும் நானும் சேர்ந்துகொண்டோம். நீங்கள் போன பிறகு எங்கள் வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். குற்றம் மாதிரி இருக்கவில்லை. உங்களையும் கூப்பிடத் தோன்றியது, அவ்வளவுதான்.

நீங்கள் சோக்கால் கீறிய படிக்கிற அறையில் ஒரு கல்லும் அசையவில்லை. சத்தியமாக. ஹோல்தான் சின்னதாகிவிட்டது. வருகிற ஆம்பிளைகள் கொஞ்சம் ஒடுங்கி இருக்கட்டும்.

குசினியைப் பற்றிக் குறையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நம்பமாட்டீர்கள். கடல் காற்று நேரே உள்ளே வந்து கேஸ் அடுப்பை அணைத்துவிடுகிறது. வாடைக் காற்று வீசுகிற காலத்தில் பப்படம் பொரிக்க முடியாது, பறக்கவிடத்தான் முடியும். வாப்பா கடையில் இருந்து கண்ணாடித் துண்டு ஒன்று கொண்டு வந்து மறைப்பு வைத்திருக்கிறார். ஜன்னல் கம்பியில் இப்போதே துரு பிடிக்கப் பார்க்கிறது. ஆனால் அடுப்படியில் நின்றபடியே ரோட்டைப் பார்க்கலாம், தென்னைகளுக்கு இடையில் ஒரு துண்டுக் கடலையும் பார்க்கலாம். காலையில் பள்ளிக்கூடம் போகிற உங்கள் பழைய வகுப்புப் பிள்ளைகள் கீழே நின்று, நுஸ்ரா ராத்தா, இண்டைக்கு என்ன வாசம் என்று கேட்பார்கள். நான் கரண்டியோடு எட்டிப் பார்த்து, முக்கோணம் பொரிக்கிறேன் என்பேன். சமூசா என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டு போவார்கள். முன் ஹோலில் யார் வந்திருந்தாலும் என்னைக் காணலாம். நானும் அவர்களைக் காண்பேன். கதையில் நுழைய வேண்டும் என்றால் நுழைவேன், வேண்டாம் என்றால் வெங்காயம் வெட்டுவேன்.

வாப்பா நினைத்தது சரிதானா, உம்மா? உங்களுக்கு வெறுப்பு அடுப்பில் இல்லை, அந்த இருட்டு மூலையில்தானா? அல்லது ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குசினி குசினிதான் என்று இப்போதும் சொல்வீர்களா? நிறுவிக் காட்டு என்பீர்கள். என்னால் நிறுவ முடியாது. சாச்சியின் மூத்த மகள் என் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கும் அப்படி ஒன்று கேட்கிறாள் என்பது மட்டும் தெரியும். அவள் வாப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.

என் படிப்பைப் பற்றிக் கேட்காமல் இருக்கமாட்டீர்கள். கணக்கு நன்றாக இருக்கிறது. இயற்பியல் இழுக்கிறது, நானும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். கம்பஸ் கிடைக்குமா என்று சொல்ல முடியாது. கிடைத்தால் போவேன். முடி தோளுக்கு வந்துவிட்டது. போன பெருநாளைக்கு வாப்பாவே என்னைக் கல்முனைக்குக் கூட்டிப்போய் வளையல் கடை வாசலில் நின்று, உனக்கு எது சரியாக வரும் என்று எனக்குத் தெரியாது மகள், நீயே எடு என்றார். கண்ணாடி வளையல் எடுத்தேன், ரோஸ் நிறத்தில். மனிதர் அந்தக் கடை வாசலில் வெட்கத்தோடு நின்றார், ஆனால் நகரவில்லை.

எனக்கு இப்போது நிம்மதி, உம்மா. களவாகச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. என் பகிடிகளுக்கு வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் நட்டம்.

படுக்கையில் கிடந்து நீங்கள் சொன்ன பயத்துக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது ஒரு வாக்குத் தருகிறேன். நான் நன்றாகச் சமைப்பேன். ஆனால் சமைக்கவே விட்டுவிட யாருக்கும் இடம் கொடுக்கமாட்டேன். விருப்பம் இருக்கிற வரை அடுப்பு எரியும். விருப்பம் இல்லாத நாளில், சோதனை இருக்கிற நாளில், சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தோன்றுகிற நாளில், யார் வந்து ஹோலில் இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுவேன். காரணம் கேட்கிறவர்களுக்குக் காரணம் சொல்லமாட்டேன். வருகிற மாப்பிள்ளைக்கும் இதுதான். அன்றைக்கு வாப்பா சமைப்பார். அதைச் சாப்பிடுகிற தண்டனையை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

அல்லாஹ் உங்கள் கபுறை வெளிச்சமாக, விசாலமாக வைக்கட்டும். ஆமீன்.

உங்கள் வாயும் உங்கள் பிடிவாதமும் அப்படியே வாய்த்த,
உங்கள் ஒரே மகள்
நுஸ்ரா